பனிப்படியில் பூட்ஸ் கழற்றியவள்

“…அதுனாலதாண்ணே சொல்றேன், இனிமே யாரு வீட்டுப் படியும் நான் ஏறப் போறதில்ல. ஏறுனது போதும். எட்டு மணிக்குப் போன் வரட்டும், ‘நிக்கல’ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிட்டு, மிச்ச வெங்காயத்தையும் உரிச்சுத் தாரேன்” என்றாள் என் தங்கை.

மிச்சம் என்று முறத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பேசிக்கொண்டே முக்கால்வாசியை உரித்துவிட்டிருந்தாள். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “ஏ தாயி, கோவம் வந்தா நீ நல்லா உரிக்கிற. இன்னும் ரெண்டு கிலோ வாங்கிட்டு வரச் சொல்லவா?” என்று கேட்டாள். தங்கைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சொன்ன சொல்லை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது மணி ஏழேகால். இடம் அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு நடுஅறை. அவள் கனடாவிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இரண்டு தடவை அங்கே ஒரு ஊரின் நகரசபையில் கவுன்சிலராக இருந்தவள். அதற்கு மேல் ஒரு தடவை மாகாண சட்டசபை உறுப்பினர், அதாவது நம் ஊர்க் கணக்குக்கு எம்.எல்.ஏ. போன தேர்தலில் தோற்றுவிட்டாள். இப்போது அவளுடைய பழைய வார்டுக்காரர்கள் மறுபடியும் கவுன்சிலராக நிற்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நிற்பதா இல்லையா என்று அன்றைக்குக் காலை எட்டு மணிக்குள் அவள் சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் மனுத்தாக்கலுக்கு வேலை பார்க்க நாள் பத்தாது, வேறு ஆள் தேடிக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் மைக்செட் போடுகிறவன். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் என் மைக்கில் மற்றவர்கள் பேசக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். சடங்கு வீடு, கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவேன். ஒரே வாரத்தில் பந்தல்குடியில் ஒரு கட்சிக்கும் திருச்சுழியில் அதன் எதிர்க்கட்சிக்கும் அதே குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருக்கிறேன். ஒரு தடவை ஒரு பேச்சாளர் மேடையிலிருந்து இறங்கி, “ஒங்க மைக்கு எந்தக் கட்சி அண்ணாச்சி?” என்று கேட்டார். “கரண்டு எங்கிட்டிருந்து வருதோ அந்தக் கட்சி” என்றேன். மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு ஆசை. யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை நாலு பேரிடம் சொல்கிற வரை எனக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் தங்கையின் அரசியலை நான் கண்ணால் பார்க்கவில்லை என்றாலும் காதால் முழுதாகக் கேட்டிருக்கிறேன். அவள் அங்கே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கூப்பிடுவாள். இங்கே எனக்கு அது காலை முதல் டீ நேரம். பத்துப் பதினைந்து வருஷமாக என் டீ அவள் பேச்சோடுதான் ஆறியிருக்கிறது.

கல்யாணம் ஆகிப் போன புதிதில் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சமையற்கட்டு வேலை. மாப்பிள்ளைக்குக் கணக்கு எழுதுகிற உத்தியோகம். ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. அவர்கள் தெருமுனையில் பஸ் நிற்கிற இடத்தில் கூரை இல்லை. பனி கொட்டுகிற நாளில் பிள்ளைகள் வெட்டவெளியில் நிற்க வேண்டும். நகரசபைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“கையெழுத்துத்தானண்ணே, வாங்கிட்டாப் போச்சு” என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

நடந்தது வேறு. நல்ல குளிர்காலம். முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு முதல் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே வாசலில் மூன்று மரப்படி இருக்கும், ஏறினால் கதவு. நாமெல்லாம் அடுத்தவர் வீட்டு வாசலுக்குப் போனால் என்ன செய்வோம்? செருப்பைக் கீழே கழற்றிப் போட்டுவிட்டுத்தானே படி ஏறுவோம்? இவளும் அதையே செய்தாள். பூட்ஸைக் கழற்றிக் கீழ்ப்படிக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு பனி உறைந்த படியில் ஏறிக் கதவைத் தட்டியிருக்கிறாள். யாரும் திறக்கவில்லை. அடுத்த வீட்டில் திறந்தார்கள், பேனா இல்லை என்று உள்ளே போனார்கள். அதற்கடுத்த வீட்டில் நாய் குரைத்தது. இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் பூட்ஸைக் கழற்றி, ஏறி, இறங்கி, மாட்டி, மறுபடி கழற்றி.

ஆறாவது வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா கதவைத் திறந்தார். முப்பது வருஷம் அதே ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். வெளியே ஒரு பெண் உதடு நீலம் பாரித்து, காலுறை நனைந்து, கையில் காகிதத்தோடு நிற்கிறாள். அந்த அம்மா கீழே பூட்ஸைப் பார்த்தார், இவள் காலைப் பார்த்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

“உனக்குப் பைத்தியமா? வெளியே நிற்கிறவள் எதற்குப் பூட்ஸைக் கழற்றினாய்?” என்று கேட்டாராம்.

“உங்க வீட்டுப் படியாச்சே” என்றாளாம் என் தங்கை.

அந்த அம்மா கையெழுத்தையும் போட்டுக் கூடவே கோட்டையும் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் பகலில் ஆள் இருக்கும், யார் ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிறவர் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அன்றைக்கே ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கதவைத் தட்டியதும் இரண்டு அடி பின்னால் வந்து நிற்க வேண்டும். திறக்கிறவர் கண்ணுக்கு நீ முழுதாகத் தெரிய வேண்டும். முகத்துக்கு முன்னால் போய் நின்றால் பயந்துபோய்ச் சாத்திவிடுவார்கள்.

தங்கைக்கு ஒரு வாரம் காய்ச்சல். பஸ் நிற்கிற இடத்துக்குக் கூரை வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அவளுக்குப் ‘பூட்ஸ் கழற்றுகிற பெண்’ என்று பேரும் வந்துவிட்டது.

அடுத்த நகரசபைத் தேர்தலில் அந்தத் தபால்கார அம்மாதான் இவளை நிற்கச் சொன்னார். எனக்குப் போன் வந்தபோது முதலில் நான் கேட்டது, “மைக்கு யாருது?” என்பதுதான்.

“இங்க மைக்கே கெடையாதுண்ணே.”

“மைக்கு இல்லாம எலெக்‌ஷனா?”

“ஆமாண்ணே. ஆட்டோ கெடையாது, கொடி கெடையாது, வேட்டு கெடையாது. வீட்டு முன்னாடி புல்லுல பேரு எழுதுன அட்டைய ஊண்டி வைப்பாங்க. நாம வீடு வீடாப் போயிக் கதவத் தட்டணும். அம்புட்டுத்தான்.”

“சத்தமே இல்லாம எப்புடிம்மா ஜெயிப்ப?”

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே மதியம் என் மைக்கை எடுத்து, இங்கே ஆட்டோவில் சொல்கிற அதே ராகத்தில், “உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்கள் தெருவின் செல்லப் பிள்ளை, ஓடோடி உழைக்கும் உத்தமி, இதோ உங்கள் இல்லம் நாடி வருகிறார், வருகிறார்” என்று எதிரொலி எல்லாம் வைத்துப் பதிந்து வாட்ஸப்பில் அனுப்பினேன். அவளுக்கு வேலை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அதைக் கேட்டார்களாம். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் ‘வருகிறார், வருகிறார்’ மட்டும் அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. தபால்கார அம்மா ஒவ்வொரு கதவைத் தட்டும்போதும் மெதுவாக “வருகிறார்” என்று சொல்லிவிட்டுத்தான் தட்டுவாராம்.

ஜெயித்துவிட்டாள். கவுன்சிலர் என்றால் என்ன வேலை என்று கேட்டேன். “பனி அள்ளுறதுதாண்ணே அரசியலு. எந்தத் தெருவுல மொதல்ல அள்ளுறது, எந்தத் தெருவுல கடைசியா அள்ளுறதுன்னுதான் இங்க சண்டையே” என்றாள். இதைத் திருச்சுழிப் பக்கம் ஒரு கூட்டத்துக்குக் குழாய் கட்டும்போது பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னேன். மழை பெய்து கண்மாய் நிறையுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே வயசாகிப்போன ஒரு வெள்ளாமைக்காரச் சம்சாரி, “வானத்துலருந்து விழுகுறத அள்ளிக் கொட்டுறதுக்கு ஒரு மெம்பரா? அந்த மெம்பர இங்கிட்டு அனுப்பி வைங்கப்பா, விழுகலைன்னு ஒரு மனு குடுப்போம்” என்றார். அதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் அதை அங்கே நகரசபைக் கூட்டத்திலேயே இங்கிலீஷில் எடுத்துவிட்டாளாம்.

எட்டு வருஷம் கவுன்சிலர். அந்த எட்டு வருஷமும் அவள் குரலில் ஒரு நிறைவு இருந்தது. இந்த வீட்டு மரம் அந்த வீட்டுக் கூரையில் சாய்ந்த கதை, ஒரு குழியை மூடினால் அடுத்த நாளே அதே இடத்தில் இன்னொரு குழி விழுந்த கதை, ஒரு கிழவர் தினமும் காலையில் போன் பண்ணி ஒன்றும் கேட்காமல் “சும்மாதான்” என்று வைத்துவிடுகிற கதை. எல்லாமே வாசலில் நின்று கேட்ட கதைகள். எட்டு வருஷமும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் படி ஏறினாள். குளிர்காலத்துக்கு மட்டும் இரட்டைக் காலுறை.

அப்புறம்தான் மாகாணத் தேர்தலுக்கு ஒரு கட்சி கூப்பிட்டது. நின்றாள், ஜெயித்தாள். செய்தி வந்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தெரு முக்கில் பன்னிரண்டு அடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்தேன். ‘கனடா நாட்டின் எம்.எல்.ஏ.வாக வெற்றிவாகை சூடிய எங்கள் குலவிளக்கே’ என்று எழுதி, பக்கத்தில் மேப்பிள் இலைக்குப் பதிலாக ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கையில் கிடைத்த ஏதோ ஒரு இலையைப் போட்டுவிட்டார். பார்த்தவர்கள் எல்லோரும் அது ஆமணக்கு இலை என்றார்கள்.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்கு மனு வர ஆரம்பித்தது. ஒருவருக்கு மகனை வெளிநாடு அனுப்ப வேண்டும். இன்னொருவருக்குப் பத்திரப்பதிவில் தாமதம். ஒரு அக்கா, குமாரலிங்கபுரத்துப் பக்கம் வரப்போகிற ஜவுளிப் பூங்காவில் மருமகனுக்கு வேலை கேட்டு வந்தது. “அக்கா, அவ கனடாவுக்குத்தான் எம்.எல்.ஏ.” என்றேன். “இருக்கட்டும்யா. ஒரு எம்.எல்.ஏ. சொன்னா இன்னொரு எம்.எல்.ஏ. கேக்க மாட்டாகளா?” என்றது அக்கா. என் வீட்டுக்காரிதான், “கனடா எம்.எல்.ஏ.வோட அண்ணன் காலையில கொடத்தத் தூக்கிக்கிட்டுத் தண்ணி லாரிக்குப் பின்னாடி ஓடுறாக. மொதல்ல அவுகளுக்கு ஒரு சிபாரிசு புடிச்சுக் குடுங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

சட்டசபை எப்படி இருக்கிறது என்று தங்கையிடம் கேட்டேன். அங்கே ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதாம். தொகுதிப் பேரைச் சொல்லித்தான் பேச வேண்டுமாம்.

“நாங்க எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லாத மாதிரியா?” என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

“அதே மாதிரிதான் மதினி. ஆனா பேரச் சொல்லாம அங்க திட்டுற திட்டு இருக்கே!”

சிரித்தாள்தான். ஆனால் பழைய கதைகள் குறைந்துவிட்டன. கட்சி சொல்கிற இடத்தில் பேச வேண்டும், கட்சி சொல்கிற நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். தலைநகரத்துக்கும் வீட்டுக்கும் அலைச்சல். “வார்டுல இருந்தப்ப ஒரு குழிய மூடச் சொன்னா மூடிருவாக. இங்க ஒரு குழியப் பத்தி மூணு மாசம் பேசுறோம்ணே” என்றாள் ஒரு தடவை. முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கிறவர்களைப் பற்றி ஒரே ஒரு தடவை மனசு நிறைந்து பேசினாளாம். அந்தப் பேச்சை மட்டும் எனக்கு அனுப்பி வைத்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் அவள் சமையற்கட்டில் நின்றதைச் சொல்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. முப்பது வருஷம் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அதுகூடத் தெரியாதா?

அடுத்த தேர்தல் வந்தது. ஒரு கல்யாண மண்டபம் நிறையாத அளவு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றுப்போனாள்.

தோற்றது அவளுக்குப் பெரிதில்லை. பிரசாரத்தின் கடைசி வாரத்தில் நடந்ததுதான் பெரிது. பழைய வார்டில் ஒரு கதவைத் தட்டியிருக்கிறாள். தினமும் போன் பண்ணி “சும்மாதான்” என்று சொல்வாரே, அந்தக் கிழவர் வீடு. திறந்தவர் இவளைப் பார்த்தார். “ஓட்டுக்கு மட்டும் வருகிறாய்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம், நேரம் சொல்வது போலச் சொன்னாராம்.

இதை எனக்குப் போனில் சொன்னபோது அவள் அழுதாள். “நம்மூருல எம்புட்டுப் பேரு இதே வார்த்தையச் சொல்லி நாம கேட்ருக்கோம்? நீ மைக்கு கட்டுற கூட்டத்துல, டீக்கடையில. அப்பல்லாம் நான் சிரிச்சிருக்கேண்ணே. என்னயப் பாத்து ஒருத்தர் சொல்லுவாகன்னு நெனைக்கல. அதுல பொய் ஒண்ணுமில்ல. நாலு வருசமா அவுக வாசலுக்கு நான் போகல.”

அவள் தோற்ற விஷயத்தை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்து, அவள் முகம் மங்கி, ஆமணக்கு இலை மட்டும் பச்சையாக நின்றது. யாராவது கேட்டால், “நல்லா இருக்காக” என்பேன். அது பொய்யில்லையே.

மூன்று வாரத்துக்கு அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் தெருவில் பத்துப் பேர் சால்வையோடு கூடிவிட்டார்கள். காரிலிருந்து இறங்கியவளுக்கு முதல் சால்வை விழுந்தது. “எம்.எல்.ஏ. அம்மா வாழ்க” என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டார். என் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் மைக் ஸ்டாண்டு போல நின்றேன்.

“நான் தோத்துட்டேன்” என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “அண்ணே சொல்லலையா? போன எலெக்‌ஷன்லயே தோத்துப் போனேன். இப்ப ஒண்ணும் இல்ல.”

அடுத்த சால்வையைப் பிரித்தவர் பிரித்தபடியே நின்றார். பிறகு அந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரர், “அதுக்கென்னம்மா? ‘முன்னாள்’னு ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டாப் போச்சு” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மிச்ச ஒன்பது சால்வையும் விழுந்தது. ஸ்டிக்கரும் மறுநாள் ஒட்டியாகிவிட்டது.

எங்கள் தெருவின் எதிர் வரிசை வீடுகளிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அதற்குக் காரணம் நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வரிசைக்காரர்கள் கொண்டாடிய பொங்கலுக்கு நான் மைக்செட் போட்டேன். நாலு ஸ்பீக்கர் பாக்ஸையும் எதிர் வரிசை முதல் வீட்டைப் பார்த்து வைத்துவிட்டேன். அந்த வீட்டில் தறி ஓட்டுகிற ஒரு அக்கா இருக்கிறது. மறுநாள் மகளுக்குப் பரீட்சை, சத்தத்தைக் குறையப்பா என்று வந்து கேட்டது. நான் குறைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வேலையில் மறந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த வரிசைக்கும் இந்த வரிசைக்கும் பேச்சு இல்லை. அவர்கள் ஆள் எங்கள் வாசலுக்கு வருவதில்லை, எங்கள் ஆள் அவர்கள் வாசலுக்குப் போவதில்லை.

தங்கை தோற்றதைச் சொல்லிவிட்ட பிறகு அவளுக்கு வீட்டில் சுகமாகத்தான் போயிற்று. நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். சோளத் தோசைக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, “இதுக்கு ஒரு தொகுதி குடுக்கலாம் மதினி” என்றாள். ஆனால் போன் வரும்போதெல்லாம் முகம் மாறும். தபால்கார அம்மா விடவில்லை. பழைய வார்டில் நிற்கச் சொல்லித் தினமும் ஒரு தடவை கூப்பிடுவார். நான் முதலில் அந்த யோசனைக்கு எதிராகத்தான் பேசினேன். “எம்.எல்.ஏ.வா இருந்துட்டுக் கவுன்சிலருக்கு நிப்பாகளா? இங்கிட்டு யாராச்சும் அப்புடி எறங்கி வந்துருக்காகளா?” என்றேன்.

“எறங்குறதுல எனக்குச் சங்கடமில்லண்ணே” என்றாள் அவள். “அந்த வாசல்ல போயி நிக்கிறதுதான். ஓட்டுக்கு மட்டும் வாரன்னு சொன்னாகளே, மறுபடியும் ஓட்டுக்குத்தான போயி நிக்கணும்? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?”

அந்தக் கேள்வியோடுதான் அன்றைக்குக் காலை எட்டு மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

வெங்காயம் உரித்து முடிந்தது. முறத்தை எடுக்க வந்த என் வீட்டுக்காரி, ஃப்ரிட்ஜ் மேலே கிடந்த ஒரு காகிதத்தால் மேஜையைத் துடைக்கப் போனாள். தங்கை அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“என்ன மதினி இது?”

“அதுவா? மனு. தெரு நடுவுல சாக்கடை வாறுகால் மேல போட்டிருந்த சிலாப்பு ஒடஞ்சு கெடக்குல்ல, மினி பஸ்ஸு உள்ள வர்றதில்ல, மெயின் ரோட்டோட திரும்பிருது. தறிக்குப் பாவுநூல் மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரமும் நடக்க வேண்டியிருக்கு. நகராட்சியில போயிக் கேட்டோம். தெருவுல எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னாக.”

“இதுல பதினோரு கையெழுத்துத்தான இருக்கு?”

“நம்ம வரிசை அம்புட்டுத்தான. எதுத்த வரிசையில யாரு போயிக் கேப்பா? ஒங்க அண்ணன் வச்ச ஸ்பீக்கரு அப்புடி.”

“எத்தன நாளாக் கெடக்கு?”

“அது கெடக்கு ஆறு மாசமா.”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டுக்குப் பத்து நிமிஷம்.

“எதுத்தாப்புல மூட்டை தூக்குறவுக இல்லையாண்ணே?” என்று கேட்டாள்.

“இருக்காக. அங்கிட்டுத்தான் தறி ஜாஸ்தி. அந்த அக்காவே தெனமும் தூக்கிட்டுத்தான் நடக்குது.”

“அப்பக் கையெழுத்து அவுகளுக்கும் வேணும்ல?”

“வேணுந்தான். கேக்குறதுக்கு வாயி வேணுமே தாயி” என்றாள் என் வீட்டுக்காரி. “போனா, ‘காரியம்னா மட்டும் வாரீக’ன்னு கேக்குமே அந்த அக்கா. அந்தப் பேச்ச யாரு வாங்குறது?”

இதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். தங்கை அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்து, மடங்கியிருந்த ஓரங்களை உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினாள்.

“கேக்கட்டுமே மதினி. கேக்குறதுக்கு அவுகளுக்கு உரிமை இருக்குல்ல?” என்றாள்.

எழுந்து குழாயடியில் வெங்காய வாடை போகக் கை கழுவினாள். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டாள். நடை வரை போனவள் திரும்பி வந்து தன் போனை என் கையில் கொடுத்து, “போன் வந்தா எடுத்துப் பேசுண்ணே” என்றாள்.

“நானா? எனக்கு இங்கிலீஷு?”

“நீ ஒண்ணும் பேச வேணாம். ‘வருகிறார், வருகிறார்’னு மட்டும் சொல்லு. அந்தம்மாவுக்கு அது தெரியும். நான் வர்ற வரைக்கும் லைன்ல இருப்பாக.”

போன் அப்போதே என் கையில் அதிர ஆரம்பித்துவிட்டது. அதை எடுத்து, “வருகிறார், வருகிறார்” என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்து பார்த்தேன். எங்கள் வரிசைக் கதவுகளில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. என் தங்கை தெருவைக் குறுக்கே கடந்து, உடைந்த சிலாப்பைச் சுற்றிக்கொண்டு எதிர் வரிசை முதல் வீட்டுக்குப் போனாள். கீழே செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். மூன்று படியும் ஏறினாள். கதவைத் தட்டினாள். தட்டிவிட்டு, இரண்டு அடி பின்னால் வந்து, முழுதாகத் தெரிகிற மாதிரி நின்றாள்.